‘கென்தியெஸ்’: ஐயத்தின் வேர் குறித்து ஓர் ஐயந்திரிபற்ற ஆய்வு

ஃபின்னிய மொழியில் ‘கென்தியெஸ்’ என்றால் ‘ஒருவேளை’. அன்றாடப் பேச்சுக்கு ‘எஹ்கா’ என்ற சின்னச் சொல் இருக்கிறது. ‘கென்தியெஸ்’ எழுத்துக்கும் சற்று விறைப்பான பேச்சுக்கும் உரியது. ஐயப்பட ஒரு சொல் போதாதா என்று கேட்பவர் ஆய்வுலகுக்குப் புதியவர்.

வேர் எளிதில் அகப்படுகிறது. ஆய்வாளனுக்கு அதுதான் ஏமாற்றம். ‘கென்’ என்றால் யார். ‘தியெஸ்’ என்பது ‘தியெசி’யின் தேய்வு, அறிந்தார் என்று பொருள். ‘யார் அறிந்தார்?’ என்ற முழு வாக்கியம் நாளடைவில் ஒற்றை வினையடையாக ஒட்டிக்கொண்டது. அம்மொழியில் அழுத்தம் எப்போதும் முதல் அசைக்கே. ஆகவே ‘யார்’ அழுத்தத்தோடு பிழைத்தார். அறிவு வாலாகச் சுருங்கியது. கேள்விக்குறி வழியிலேயே விழுந்துவிட்டது. அறிந்தவர் ஆணா பெண்ணா என்று துப்புத் துலக்கவும் வழியில்லை. ஃபின்னிய இலக்கணத்தில் பால் வேறுபாடு கிடையாது.

பின்னர் ‘கென்’ செய்யுள் நடைக்கு ஒதுங்க, ‘யார்’ என்று கேட்க ‘குக்கா’ வந்தது. உடனே ‘குக்கதியெஸ்’ என்று இன்னொரு ‘ஒருவேளை’யையும் செய்துகொண்டார்கள். பொறுப்பான மக்கள்.

இன்னும் தோண்டினால் ‘தியெத்தா’ (அறிதல்) என்ற வினையே ‘தியெ’ (பாதை) என்பதிலிருந்து வந்தது என்பது மொழிநூலார் கருத்து. காட்டில் தடம் தெரிந்தவனே அறிந்தவன். அறிவியலைக் குறிக்கும் ‘தியெதே’, கணினியைக் குறிக்கும் ‘தியெத்தோகோனே’ (சொல்லுக்குச் சொல் ‘அறிவுப் பொறி’) இரண்டும் இதே வேரில் கிளைத்தவை. பல்கலைக்கழகமும் அது கைவிரிக்கும் இடமும் ஒரே குடும்பம்.

இவ்விடத்தில் தமிழன்பர் ஒருவர் எழுந்திருப்பது மரபு. “நாமும் ‘யார் கண்டது’ என்கிறோமே! ‘கண்டீர்’தானே ‘கென்தியெஸ்’ ஆனது?” திராவிட மொழிகளுக்கு ஃபின்னியத்தையும் உள்ளடக்கிய ‘சித்திய’ மொழிகளோடு உறவு உண்டென்று 1856-இல் கால்டுவெல் எழுதியது அவருக்குத் தெம்பு. கால்டுவெல் இலக்கண அமைப்பை ஒப்பிட்டார். அன்பர் காதை மட்டும் நம்புகிறார். மேலும் நாம் கண்ணால் அறிகிறோம், அவர்களோ காலால். வருத்தத்தோடு மறுக்கிறேன்.

எஞ்சுவது ‘ஹெர்ரா தியெஸ்’ என்ற வழக்கு: ஆண்டவருக்கே தெரியும். இங்கே அறிந்தவர் யாரென்று ஐயமே இல்லை. ஆனாலும் சொல்பவருக்குச் சுத்தமாக ஒன்றும் தெரியாதபோதுதான் இது வாயில் வருகிறது. அறிந்தவரின் தகுதி உயர உயரச் செய்தியின் உறுதி குறையும் என்றொரு விதியை இதிலிருந்து வகுத்திருக்கிறேன். ஆய்வு நிறுவனங்கள் கவனிக்க.