ஜாலியைக் கழற்றி வையுங்கள்

பெங்களூரில் வாடகை வீடு பார்க்கப் போகிறவர் என்னென்ன கேட்பார்? காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா. அட்வான்ஸ் எத்தனை மாதம். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள். சிங்குக்கு அடியில் மட்டும் குனிந்து பார்க்க மாட்டார். நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். சபாஷ். இந்தப் பயிற்சிக்கு வேண்டிய தகுதி அது ஒன்றுதான்.

கரப்பான், சுண்டெலி, பெருச்சாளி, சாக்கடை ஈ, கொசு, யோகமிருந்தால் ஒரு தண்ணிப்பாம்பு. இத்தனை பேரையும் வாசற்கதவைத் திறக்காமலே, குழாய் வழியாக வீட்டுக்குள் சேர்ப்பது எப்படி என்று பார்ப்போம். பாதி வேலையை நீங்கள் முடித்திருப்பீர்கள். மீதிக்கு நான் இருக்கிறேன்.

படி 1: ட்ராப்பைக் காயவிடுங்கள்

உங்கள் முதல் எதிரி பூச்சிமருந்து அல்ல, ஒரு குவளைத் தண்ணீர். 1775-ல் லண்டனில் அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் கழிப்பறைக் குழாயை எஸ் வடிவில் வளைத்துக் காப்புரிமை வாங்கினார். வளைவில் தேங்கும் தண்ணீர் சாக்கடைக் காற்றை மறித்தது. உங்கள் பாத்ரூம் தரையில் இருக்கும் நஹானி ட்ராப்பும் அதே தந்திரம்தான். சுமார் 5 சென்டிமீட்டர் தண்ணீர் அங்கே ராப்பகலாகக் காவல் நிற்கிறது. சம்பளம் கேட்பதில்லை. இதை ஒழித்தாக வேண்டும்.

கெஸ்ட் பாத்ரூமில் பழைய சூட்கேஸ்களை அடுக்கிக் கதவைச் சாத்துங்கள். ஏப்ரலில் குழந்தைகளோடு ஊருக்குப் போங்கள். வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மனசாட்சி உறுத்தினால் 2024 கோடையை நினைத்துக்கொள்ளுங்கள்: போர்கள் வற்றி, டேங்கருக்குக் காத்துக் கிடந்து, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த வருடம். ஷவரில் அரைமணி நேரம் நில்லுங்கள், பரவாயில்லை. காய்ந்த ட்ராப்பில் வாரம் ஒரு குவளை ஊற்றுவதை மட்டும் ஊதாரித்தனம் என்று நிறுத்திவிடுங்கள்.

2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் தொற்றியது. காய்ந்துபோன தரை ட்ராப்புகள் வழியே சாக்கடைக் காற்று வீடுகளுக்குள் ஏறியது முக்கியக் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். இந்தச் செய்தியை அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். குட்மார்னிங் படங்களுக்கு இடம் வேண்டும்.

படி 2: ஜாலியைக் கழற்றுங்கள்

தரை ஓட்டையை மூடுகிற சல்லடைத் தட்டுதான் ஜாலி. ஹார்டுவேர் கடையில் கரப்பான் ஜாலி என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். ஓட்டை மூடிக்குக் கீழே ஒரு கிண்ணம் இருக்கும். அந்தக் கிண்ணம் இருந்தால் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். எனவே முதலில் அதைத் தூக்கி எறியுங்கள். பால்கனி கழுவும்போது ஜாலியையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வையுங்கள். திரும்ப மாட்டுகிற கெட்ட பழக்கம் வேண்டாம்.

யூட்டிலிட்டியில் வாஷிங் மெஷின் இருக்கிறதா? அதன் வெளியேற்றுக் குழாயை ஜாலி இல்லாத ஓட்டைக்குள் அப்படியே சொருகுங்கள். சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். விருந்தாளிகளுக்கு இரட்டை வழிப்பாதை.

படி 3: இடைவெளியை யாருக்கும் சொந்தமில்லாமல் ஆக்குங்கள்

இதுதான் இந்தக் கலையின் உச்சம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

சிங்குக்கு அடியில் ஒரு நெளிவுக் குழாய் இருக்கும். அது சுவரில் ஓர் ஓட்டைக்குள் போகும். குழாய் ஒன்றேகால் அங்குலம், ஓட்டை மூன்று அங்குலம். மாடுலர் கிச்சன் போட்டவர் அதன்மேல் ஒரு கதவை மாட்டிவிட்டுப் போயிருப்பார். பென்சில் நுழைகிற சந்து இருந்தால் சுண்டெலி நுழையும் என்பார்கள். உங்கள் ஓட்டையில் பென்சில் டப்பாவே நுழையும்.

இதை அடைக்க ஒரு பாக்கெட் வெள்ளை சிமென்ட் போதும். எலி கடிக்குமென்று பயந்தால் உள்ளே கொஞ்சம் இரும்பு நார். நூறு ரூபாய்க்குள் முடியும். அதனாலேயே நீங்கள் செய்யக் கூடாது. ஓனருக்குப் போன் போடுங்கள். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்ளி" என்பார். ப்ளம்பரைக் கூப்பிடுங்கள். "சார், லீக்கேஜ் இருந்தா சொல்லுங்க, இது கொத்தனார் வேலை" என்பார். கொத்தனார் ஒரு ஓட்டைக்கெல்லாம் வர மாட்டார். அசோசியேஷனில் எழுதுங்கள். ஃபிளாட்டுக்குள் இருப்பது உங்கள் பொறுப்பு, டக்டுக்குள் இருப்பது பில்டர் பொறுப்பு என்று பதில் வரும். பில்டர் இப்போது தேவனஹள்ளிப் பக்கம் வேறு கட்டடம் கட்டிக்கொண்டிருப்பார். அந்த ஓட்டை இப்படிச் சுவரின் இரண்டு பக்கமும் பட்டா இல்லாத நிலமாகிவிட்டது. பட்டா இல்லாத நிலத்தில் யார் குடியேறுவார்கள் என்று பெங்களூர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனம் கேட்காவிட்டால் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடையுங்கள். எலிக்குக் கூடு கட்டக் காகிதம் தேவைப்படும்.

படி 4: சிங்குக்குச் சாப்பாடு போடுங்கள்

நேற்றைய சாம்பார், தோசைமாவுக் கழுநீர், ஃபில்டர் காபியின் கசடு, வடை சுட்ட எண்ணெய். எல்லாம் உள்ளே. குழாயின் உட்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் சேரும். சாக்கடை ஈயின் புழுக்கள் அதைத் தின்றுதான் வளர்கின்றன. சாம்பல் நிறத்தில், குட்டி அந்துப்பூச்சி போல, வாஷ்பேசினுக்கு மேலே சுவரில் அசையாமல் உட்கார்ந்திருப்பது அதுதான். அந்தப் படலத்தை பிரஷ் போட்டுத் தேய்த்தால் வம்சமே போய்விடும். ஆகவே பறக்கிற ஈயின் மேல் மட்டும் ஸ்ப்ரே அடியுங்கள்.

படி 5: போரை அறைக்குள்ளேயே நடத்துங்கள்

நள்ளிரவில் பாத்ரூம் விளக்கைப் போடுகிறீர்கள். 4 சென்டிமீட்டர் நீளத்தில், செம்பழுப்பாக, மீசையை ஆட்டிக்கொண்டு ஒருவர். பெயர் அமெரிக்கக் கரப்பான், பூர்வீகம் ஆப்பிரிக்கா, விலாசம் உங்கள் தெரு மேன்ஹோல். செருப்பால் அடியுங்கள். காலையில் அந்த வீரக்கதையை ஆபீசில் சொல்லுங்கள். அவர் வந்த ஓட்டையைப் பார்க்காதீர்கள். ஒரு முட்டைக்கூட்டில் பதினைந்து பேர்வரை அவருக்குப் பின்னால் வரிசையில் இருக்கிறார்கள்.

வாஷ்பேசினில் இரண்டு பாச்சா உருண்டை போடுங்கள். வாசனை வரும். கரப்பான் அதைச் சுற்றிக்கொண்டு வரும்.

படி 6: சேம்பருக்கு மேல் டைல்ஸ்

எலி இந்த ஊருக்குப் புதியவர் அல்ல. 1898-ல் பிளேக் வந்து ஊரே காலியானது. அதற்குப் பிறகு வளர்ந்த பசவனகுடியிலும் மல்லேஸ்வரத்திலும் வீடுகளுக்குப் பின்னால் கன்சர்வன்ஸி சந்து விட்டார்கள். கழிவை எடுக்கிறவர் வந்துபோக ஒரு வழி. பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலும் கட்டினார்கள். கோயில் பத்திரமாக இருக்கிறது. சந்துகளில் பலவற்றை நாம் ஷெட் போட்டு எடுத்துக்கொண்டோம்.

முப்பதுக்கு நாற்பது மனையில் சந்துக்கு ஏது இடம்? வீட்டு முன்னால் இருக்கிற சேம்பர் மூடியின் மேலாவது அழகான டைல்ஸ் பதியுங்கள். இனி யாரும் திறந்து சுத்தம் செய்ய முடியாது. மூடி உடைந்திருந்தால் பூந்தொட்டி வைத்து மறையுங்கள். பெருச்சாளிக்கு நிழல் பிடிக்கும்.

படி 7: மாடியையும் மறக்காதீர்கள்

வென்ட் பைப்பின் வாயில் கொசுவலைத் துணி கட்டாதீர்கள். சம்ப் மூடியைச் சாய்த்தே வையுங்கள். ஓவர்ஹெட் டேங்க்கின் ஓவர்ஃப்ளோ குழாயில் வலை வேண்டாம். கர்நாடக அரசு 2024 செப்டம்பரில் டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, கொசு வளர இடம் தருகிற நகர வீடுகளுக்கு 400 ரூபாய் அபராதம் வைத்தது. நாலு மசாலா தோசைக் காசு. தாங்கிக்கொள்ளலாம்.

அடுத்து, மாடியின் மழைநீர்க் குழாயை நேராக யூஜிடி என்கிற பாதாளச் சாக்கடையில் சேருங்கள். மழைநீரைச் சேமிக்கச் சொல்லும் சட்டம் 2009-லிருந்து இருக்கிறது, இருக்கட்டும். கழிவுநீருக்கு மட்டும் அளந்து போட்ட குழாயில் தெருவே மாடி மழையை ஊற்றினால், தாங்காமல் மேன்ஹோல் பொங்கும், தரைத்தள வீட்டின் கமோட் வழியாகத் திரும்பி ஏறும். தண்ணிப்பாம்புக்கு லிஃப்ட் வசதி. மூன்றாம் மாடியில் இருப்பவர் இந்தப் படியைத் தயங்காமல் செய்யலாம். கீழ்வீட்டுக்காரர் நான்-ரிட்டர்ன் வால்வு போட வேண்டும் என்று மீட்டிங்கில் எழுந்தால், ஃபண்ட் இல்லை என்று சொல்லி அடுத்த பொருளுக்குப் போங்கள். அடுத்த பொருள் பெரும்பாலும் நுழைவாயிலுக்குக் கிரானைட்.

படி 8: வீடு மாறுங்கள்

எல்லாம் கைகூடி, வீட்டில் உங்களுக்கே இடம் போதாமல் போனால் காலி செய்யுங்கள். சமையலறைச் சாமான்களைப் பழைய அட்டைப்பெட்டிகளில் கட்டுங்கள். குழாயை நம்பாத சின்ன ஜெர்மன் கரப்பான் அதில் ஏறிக்கொள்ளும். ஒரு கூட்டில் முப்பது, நாற்பது முட்டை, தனி டெம்போ வேண்டாம். வீடு பார்க்க வருகிற அடுத்த குடித்தனக்காரரிடம், "தண்ணிக் கஷ்டமே கிடையாதுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். சிங்குக்கு அடியில் அவர் குனிந்தால் பேச்சை பார்க்கிங் பக்கம் திருப்புங்கள்.

புது வீட்டில் நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சுங்கள். பொங்கியதும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அடியில் தங்கியதைச் சிங்கில் கொட்டுங்கள். பின்னாலேயே தண்ணீர் விடாதீர்கள். கீழே இருப்பவர்களுக்கும் கிரகப்பிரவேசம்தானே.