முள்பந்தும் முப்பது வினாடிச் சண்டையும்

அன்புள்ள மாமாவுக்கு,

போன ஞாயிறு போனில் நீங்கள் கேட்டதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை போனைப் பிடுங்கிவிட்டார்கள். அதன்பிறகு என் சர்க்கரை அளவு, சித்தி மகள் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதுவது என்று பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. "கௌபாய் ஊர்லயே குடியிருக்கியே மாப்ளே, ஒரு துப்பாக்கிச் சண்டையாவது பாத்தியா?" என்றீர்கள். அது போனில் சொல்லித் தீருகிற விஷயமா?

பார்த்தேன் மாமா. டிக்கெட் எடுத்துப் பார்த்தேன். எங்கள் சாண்ட்லரிலிருந்து தென்கிழக்கே காரில் மூன்று மணி நேரம் போனால் டூம்ஸ்டோன். 'கன்ஃபைட் அட் தி ஓ.கே. கோரல்' பார்த்துவிட்டு பர்ட் லங்காஸ்டர் நடையை உங்கள் பிரஸ் வாசலில் நடந்து காட்டுவீர்களே, அந்தச் சண்டை நடந்த ஊர். இப்போதும் அதைத் தினமும் நடித்துக் காட்டுகிறார்கள். செத்தவர்கள் எழுந்து தூசி தட்டிவிட்டு நம்மோடு போட்டோவுக்கு நிற்கிறார்கள்.

உங்கள் மனசு நோகும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1881 அக்டோபர் 26-ல் நடந்த அசல் சண்டை சுமார் முப்பது வினாடிதான். வெடித்த குண்டும் ஏறக்குறைய முப்பதுதான். உச்சிவெயிலில் நடக்கவில்லை, பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தது. அந்தப் பேர்போன குதிரைக் கொட்டடிக்கு உள்ளேகூட இல்லை. கொஞ்சம் தள்ளி, ஃப்ளை என்கிற போட்டோகிராபரின் ஸ்டுடியோவை ஒட்டிய காலி மனையில்தான். கைநீட்டினால் தொட்டுவிடுகிற மாதிரி நெருக்கத்தில் நின்று சுட்டுக்கொண்டார்கள். கண்ணைச் சுருக்க, விரலை ஒவ்வொன்றாக அசைக்க, பின்னணியில் விசில் இசை வர யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

காரணம்தான் இன்னும் அநியாயம். ஊருக்குள் யாரும் ஆயுதத்தோடு நடமாடக்கூடாது, வந்ததும் ஒப்படைத்துவிட வேண்டும் என்று டூம்ஸ்டோன் நகரசபை விதி போட்டிருந்தது. எதிர்க்கோஷ்டி ஒப்படைக்கவில்லை. மார்ஷல் வெர்ஜில் ஏர்ப், தம்பிகள் வயட், மார்கன் இருவரையும், பல் டாக்டர் டாக் ஹாலிடேயையும் கூட்டிக்கொண்டு அதைப் பிடுங்கப் போனார். மூன்று பேர் செத்தார்கள். அதாவது மாமா, நாம் தலைமுறை தலைமுறையாக விசிலடித்தது ஒரு முனிசிபாலிட்டி விதிமீறல் வழக்குக்கு.

இன்றைக்கு அதே அரிசோனாவில் 21 வயது நிரம்பியவர் சட்டைக்குள் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு திரிய லைசென்ஸ் வேண்டாம். 2010-லேயே அதை எடுத்துவிட்டார்கள். வாசலில் காய்ந்த செடி கிடந்தால்தான் நோட்டீஸ் வருகிறது.

செடி என்றேன் அல்லவா. படத்தில் சண்டைக்கு முன்னால் ஆளில்லாத தெருவில் ஒரு முள்பந்து குறுக்கே உருண்டு போகுமே, அதுதான். டம்பிள்வீட் என்பார்கள். மணப்பாடு கடற்கரையில் காற்றில் ஓடுகிற இராவணன் மீசையை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஊதிப் பெரிதாக்கினால் இது. போன மாசம் அடித்த காற்றில் ஒன்று உருண்டு வந்து எங்கள் வாசலில் நின்றது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். பக்கத்தில் நின்று, இடுப்பில் கைவைத்து, கண்ணைச் சுருக்கி செல்ஃபி எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம். பழைய தமிழ்ச் சங்கங்கள் மூன்றும் ஒன்றாக உட்கார்ந்திருந்தால்கூட ஒரு செடியைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்க மாட்டார்கள். "தங்கள் முன்முற்றத்தில் ஒப்புதல் பெறாத தாவரம் உள்ளது" என்று போட்டு, கலர் போட்டோவும் வைத்திருந்தார்கள். போட்டோவின் ஓரத்தில் இடுப்பில் கைவைத்தபடி நான்.

இது நான் வளர்த்ததல்ல, வழிப்போக்கர் என்று பதில் எழுதினேன். எங்கே வந்து நிற்கிறதோ அந்த வீட்டுக்காரர் பொறுப்பு என்று எழுதினார்கள். அப்படியானால் நிற்காமல் செய்துவிடுவோம் என்று ராத்திரி மெதுவாகத் தெருவுக்குத் தள்ளிவிட்டேன். காற்று அதைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலுக்குக் கொண்டுபோனது. காலையில் பார்த்தால் மறுபடி என் வாசலில். காற்று மாறி அடித்ததா, பெரியவர் தள்ளினாரா, நான் கேட்கவில்லை. அவரிடம் லைசென்ஸ் தேவைப்படாத சாமான் ஏதாவது இருக்கலாம்.

குப்பைத்தொட்டியில் போடலாம் என்றால், மூடி முழுசாக மூடவேண்டும் என்பது விதி. தொட்டியைவிடச் செடி பெரிது. வெட்டிப் போடலாம் என்றால் நம் ஊர் அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் வாசலில் நிற்க முடியுமா? மிதித்து நொறுக்கலாம் என்று ஏறினேன். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறியது. நீங்கள் சொல்லிக்கொடுத்த விதிப்படி நாயகனுக்கு இடது தோளில்தான் காயம் படவேண்டும், எனக்குக் குதிகாலில். கொளுத்தினால் பெட்ரோல் ஊற்றியது மாதிரி பற்றும், அப்புறம் நோட்டீஸ் தீயணைப்புத் துறையிலிருந்து வரும். கடைசியில் உங்கள் மருமகள் பூ வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து, ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து துண்டு துண்டாக வெட்டி மூட்டை கட்டினாள். தொட்டியை வெளியே வைத்தோம். குப்பை வண்டி வராத நாளில் தொட்டி கண்ணில் படும்படி இருந்ததாக அடுத்த நோட்டீஸ் வந்தது.

ஆனால் இதே சாண்ட்லர் நகரசபை 1957-லிருந்து வருஷா வருஷம் இந்த முள்பந்துகளையே பொறுக்கி, கோபுரமாக அடுக்கி, வெள்ளையடித்து, தீப்பிடிக்காத மருந்து தெளித்து, மினுக்குப்பொடி தூவி, கிறிஸ்துமஸ் மரம் என்று விளக்கேற்றுகிறது. பார்க்கக் கூட்டம் அலைமோதும். நானும் ஐபேடும் கையுமாகப் போய் வீடியோ எடுத்தேன். சங்கத்தார் மூன்று பேர் முன்வரிசையில் நின்று கைதட்டினார்கள்.

கோபத்தில் இந்தச் செடியின் பூர்வீகத்தைத் தோண்டினேன். மாமா, இது அமெரிக்கச் செடியே இல்லை! ருஷ்யப் பக்கத்துக்காரர்கள் 1870-களில் தெற்கு டகோட்டாவுக்குக் கொண்டுவந்த ஆளிவிதையில் களைவிதையாகக் கலந்து வந்திருக்கிறது. அப்புறம் காய்ந்து, வேர்க்கழுத்து முறிந்து, உருண்டு உருண்டு, போகிற வழியெல்லாம் விதை சிந்தி மேற்கு முழுக்க நிறைந்துவிட்டது. ஒரு செடியில் இரண்டரை லட்சம் விதை வரை இருக்குமாம். உள்நாட்டுப் போர்க்காலக் கதை என்று சொல்லி இந்தச் செடியை உருட்டிவிடுகிற படம் அத்தனையும் புளுகு. அந்தக் காலத்தில் அது கப்பலே ஏறவில்லை. ஒரே தலைமுறையில் இங்கே வந்து, பூர்வகுடி மாதிரி எல்லாப் படத்திலும் முகம் காட்டுகிறது. எனக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை.

"ஈஸ்ட்வுட் போர்வையைப் போர்த்திக்கிட்டு சுருட்டுப் பிடிச்ச இடத்தை வீடியோ எடுத்து அனுப்பு" என்று வேறு கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் வேறு விசா எடுக்கவேண்டும். 1964-ல் செர்ஜியோ லியோனி 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தது ஸ்பெயினில். கதை குரோசாவாவின் 'யோஜிம்போ', ஜப்பானிலிருந்து வழக்கே வந்தது. 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' கிளைமாக்சில் கல்லறைகள் வட்டவட்டமாக விரியுமே, ஈலை வாலக் பைத்தியம் மாதிரி ஓடுவாரே, அதுவும் ஸ்பெயின்தான். ஸ்பானிய ராணுவத்துச் சிப்பாய்களை வைத்துக் கட்டிய பொய்க் கல்லறைகள். காமிக்ஸ் நாயகர்களும் அப்படித்தான். டெக்ஸ் வில்லர் 1948-ல் இத்தாலியில் பிறந்தவர். நம் கேப்டன் டைகரின் அசல் பெயர் ப்ளூபெர்ரி, பிரெஞ்சுப் பத்திரிகையில் பிறந்தவர். லக்கி லூக் பெல்ஜியத்துப் பிள்ளை. எல்லாரும் சிவகாசி காமிக்ஸில் வந்து தமிழ் பேசித்தான் எனக்குப் பழக்கம். 1903-ல் வந்த 'தி கிரேட் டிரெய்ன் ராபரி' எடிசன் கம்பெனி நியூ ஜெர்சிப் பக்கம் எடுத்தது. இதை மட்டும் நியூ ஜெர்சி அத்தானிடம் சொல்லிவிடாதீர்கள். கௌபாய் தொழிலே எங்க ஊரில்தான் ஆரம்பம் என்று தீபாவளி வரைக்கும் பேசுவார்.

இவ்வளவு பொய்யும் தெரிந்தபிறகு ஆசை விட்டுவிடும் என்று நினைத்தால், அதுதான் இல்லை. 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' ஆரம்பத்தை இப்போதும் போட்டுப் பார்க்கிறேன். ஸ்டேஷனில் மூன்று பேர் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். ஒருவன் முகத்தில் ஈ. ஒருவன் தொப்பியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். காற்றாடி கிறீச்சிடுகிறது. பேச்சே இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ரயில் வரும், ஆள் இறங்குவான், சுடுவான். தெரிந்துகொண்டே காத்திருப்பதில்தான் ருசி. சலூனுக்குள் அந்நியன் நுழைந்தால் பியானோ நிற்கவேண்டும், கடைக்காரன் கண்ணாடியை இறக்கி ஒளிக்கவேண்டும், சவப்பெட்டி ஆசாரி நாயகனைக் கண்ணாலேயே அளக்கவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பீர்கள். டூம்ஸ்டோனில் நானும் அந்த அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு, காலை அகட்டி வைத்து நுழைந்தேன். பியானோ நிற்கவில்லை. ஒரு பெண் வந்து, வேர்க்கடலை அலர்ஜி உண்டா என்று கேட்டாள்.

மான்யுமெண்ட் வேலிக்கும் குடும்பத்தோடு போனோம். மாநிலத்தின் வடகோடி, யூட்டா எல்லை. 1939-ல் வெளிவந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தை ஜான் ஃபோர்டு எடுத்த இடம். செங்கல் நிறத்தில் பாறைகள் வானத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. இது மட்டும் பொய்யில்லை மாமா, படத்தில் பார்த்ததைவிடப் பெரிது. அங்கே ஜான் ஃபோர்டு பெயரில் ஒரு மேடு. காசு கொடுத்தால் குதிரைமேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். உட்கார்ந்தேன். வீட்டு குரூப்பில் அனுப்பியது அதுதான். குதிரை கால்மணி நேரமாக அசையவில்லை என்பது போட்டோவில் தெரியாது என்று தைரியமாக அனுப்பினேன்.

இன்னொரு கூத்து. கோடையில் அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பார்கள். அரிசோனா தள்ளாது. அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நிலம் தள்ளும். அதன் நடுவில் இருக்கும் ஹோப்பி நிலம் தள்ளாது. ஒரே ரோட்டில் போகப் போக என் கைபேசி முன்னும் பின்னும் குதித்தது, மதியச் சாப்பாடு இரண்டு தடவை வந்தது. கேரி கூப்பரின் 'ஹை நூன்' கதை இங்கே நடந்திருந்தால், எந்தப் பன்னிரண்டு மணி என்று தெரியாமல் வில்லன்கள் வீடு திரும்பியிருப்பார்கள்.

வண்டியில் எங்களைச் சுற்றிக்காட்டியவர் நவஹோ. ஃபோர்டு படங்களில் அப்பாச்சி, கொமாஞ்சி, சையென் எல்லாராகவும் நடித்தது இவர்கள்தான். 'சையென் ஆட்டம்' (Cheyenne Autumn) படத்தில் உருக்கமான வசனம் பேசவேண்டிய இடங்களில் தங்கள் மொழியில் கெட்ட ஜோக் அடித்தார்களாம். இங்கே தியேட்டரில் நவஹோ ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம், வெள்ளைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லையாம். உங்கள் பேரன் அதைக் கேட்டுவிட்டு, "அப்பா, இது அவங்க ஊர்தானே, அப்போ படத்துல அவங்களையே ஏன் சுடுறாங்க?" என்றான். டெக்ஸ் வில்லர் நவஹோக்களுக்குத் தலைவர், இரவுக்கழுகு, அவர் அப்படியெல்லாம் சுடமாட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இதற்கு உங்களிடம் நல்ல பதில் இருந்தால் எழுதுங்கள்.

வீட்டில் சுவர் அகலத்துக்கு டி.வி. வாங்கியிருக்கிறேன், சொன்னேனா? சத்தம் நாலு மூலையிலிருந்தும் வரும். ஈஸ்ட்வுட் முகத்தில் ஒவ்வொரு முடியும் தெரிகிறது. ஆனால் அவர் ஆறு குண்டுத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே போகும்போது, "ஏழு... எட்டு... ஒன்பது... டேய், எவனாவது கேளுங்கடா!" என்று பின் சீட்டிலிருந்து கத்த ஆளில்லை. முழுத் தியேட்டரும் உங்களோடு சேர்ந்து எண்ணுமே. ஜெய்சங்கர் 'கங்கா'வில் குதிரையேறி வந்தபோது மட்டும் எண்ணக்கூடாது என்று எல்லாரையும் அதட்டினீர்கள். நம்மாளு, எத்தனை வேணாலும் சுடுவான் என்று. போன வாரம் நான் தனியாக எண்ணிப் பார்த்தேன். எட்டு வரும்போது உங்கள் மருமகள் எழுந்துவந்து, ராத்திரி ஒரு மணிக்கு என்ன கணக்கு என்று கேட்டாள்.

கடைசியாக ஒன்று. டூம்ஸ்டோனில் உங்களுக்கு ஒரு தொப்பி பார்த்து வைத்திருக்கிறேன். கறுப்பா, சாம்பல் நிறமா என்று சொல்லவும். கறுப்பு வில்லனுக்கு என்று எனக்கும் தெரியும், ஆனால் உங்கள் நிறத்துக்கு எடுக்கும். நெற்றிக்குமேல் நூல் சுற்றி அளந்து, அங்குலத்தில் எழுதி அனுப்புங்கள். விலையை அத்தை கேட்டால், இருநூறு ரூபாய் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்
சாண்ட்லர், அரிசோனா