கேட்காமலே கொடுக்கும் வள்ளல்

முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பாரி. அந்த முல்லையாவது வழியிலே நின்றது; முகநூல் நாம் கட்டிலில் படுத்திருந்தாலும் தேடி வந்து கொடுக்கிறது. ‘கனடாவில் பழத்தோட்ட வேலை. படிப்பு, ஆங்கிலம் தேவையில்லை. மாதம் ஏழு இலட்சம்.’ முன்பின் தெரியாத யாரோ ஒருவர் நம் எதிர்காலத்துக்காகக் கண்விழித்திருக்கிறார்! கீழே பருத்தித்துறையிலிருந்து ஊர்காவற்றுறை வரை ‘விபரம் பிளீஸ்’ என்று வரிசை. பெயர், தொலைபேசி எண், சிலர் அடையாள அட்டைப் படமும். எந்தக் கிராம சேவையாளர் இத்தனை விரைவாகத் தரவு சேர்த்தார்?

2017இல் நம் பட்டதாரிகள் இந்த வித்தை அறியாமல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் வேலை கேட்டு வெயிலிலும் நுளம்புக்கடியிலும் மாதக்கணக்கில் குந்தியிருந்தார்கள். இப்போது அந்த அவதி இல்லை. வீட்டில் மின்விசிறிக்குக் கீழேயே வேலையில்லாமல் இருக்கலாம்.

வட்ஸ்அப் குழுக்களின் தொண்டும் சிறிதல்ல. வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் படம் பிடித்து அனுப்புவார்கள். வயதெல்லை, சம்பளத் திட்டம் எல்லாம் தெளிவாக இருக்கும். முடிவுத் திகதி இருந்த மூலை மட்டும் வெட்டுப்பட்டிருக்கும். போன மாதமே முடிந்திருக்கும் என்கிறீர்களா? சும்மா இருங்கள், அதற்குள் நாலு குழுவுக்குப் பகிர்ந்தாயிற்று.

நெருங்கிய நண்பரைவிட எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரரே வேலைச் செய்தி கொண்டுவருவார் என்று மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் எழுதினார். நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததுதானே. 2022இல் லிங்க்ட்இன் தரவுகளும் பெரும்பாலும் அவர் பக்கமே பேசின. அறிமுகத்துக்கு நமக்கென்ன குறை? ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஒன்றுவிட்ட மாமாமார் நிறைந்திருக்கிறார்கள். மருமகன் சான்றிதழோடு ‘வேலை தேடுகிறேன்’ என்று போட்டால் அடுத்த நிமிடமே ‘வாழ்த்துகள் தம்பி’. சிலர் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கேக்கும் அனுப்புவார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கொடை தாய்லாந்துக் கணினி வேலைதான். வேகமாகத் தட்டச்சத் தெரிந்தால் போதும். சுற்றுலா விசாவில் பாங்கொக், அங்கிருந்து மே சொட், பிறகு மோய் ஆற்றைக் கடந்தால் மியன்மாரின் மியாவடி. போகும்போது காசு கேட்காவிட்டாலும் வெளியே வரக் கேட்பார்கள். வேலை கடினமானதல்ல. அழகான பெண்ணின் படத்தைப் போட்ட போலிக் கணக்கில் உட்கார்ந்து, எங்கோ தனித்திருக்கும் கிழவரிடம் காதல் பேசிப் பணம் கறக்க வேண்டும். முகநூலில் வேலை தேடியவருக்கு முகநூலிலேயே வேலை! கறக்காத நாளில் அடியும் மின்னதிர்ச்சியும் இலவசம். 2024இல் இந்தப் பாக்கியம் பெற்ற இலங்கையர் ஐம்பது பேருக்கு மேல். நன்றிகெட்டவர்கள், வீட்டுக்கு வர வேண்டும் என்று அழுதார்கள்; அரசு மியன்மாரோடு பேச வேண்டியதாயிற்று.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் என்றும் ஒன்று இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அதன் கையில். அனுமதி பெற்ற முகவர் யார் யாரென்று அதன் இணையத்தளத்திலேயே பார்த்துவிடலாம். ஆனால் அங்கே மேப்பிள் இலை இல்லை, பறக்கும் விமானம் இல்லை, ‘அண்ணா, இன்பொக்சுக்கு வாங்கோ’ என்று அன்பாகக் கூப்பிட ஒரு குரலும் இல்லை. இன்பொக்சிலோ மரியாதைக்குக் குறைவே இராது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய முற்பணத்துக்கு ரசீது கேட்பவரை மட்டும் அன்றே பிளொக் பண்ணுகிறார்கள். கேட்காதவருக்கு ஒரு கிழமை அவகாசம் கொடுக்கிறார்கள்.