கேட்டால் கோவிப்பினமோ

1971இலிருந்து 1977 வரை இலங்கையின் அரச ஆசுப்பத்திரிகளில் வெளிநோயாளர் 25 சதம் கட்டவேணும். அந்தக் காலத்தில் நான் கரவெட்டியில் காற்சட்டை போட்ட பள்ளிக்கூடப் பெடியன். ஆச்சியோடு மந்திகை ஆசுப்பத்திரிக்குப் போகும்போது ஒரு கையில் சதக்குற்றி, மற்றக் கையில் கழுவிக் காயவைத்த வெறும் போத்தல். மிக்ஸருக்குப் போத்தல் நாங்கள்தான் கொண்டுபோகவேணும். வாங்கில் காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனால், கதிரை இருந்தாலும் ஆச்சி இருக்கமாட்டா. டொக்டர் "என்னெணை செய்யுது?" என்பார். முழங்கால் உளைவைச் சொல்லுவா. அவர் எழுதித் தருவார். என்ன வருத்தம், என்ன மருந்து என்று ஆச்சி ஒரு சொல்லும் திருப்பிக் கேட்டதில்லை.

அதே ஆச்சி ஊர்ப் பரியாரியாரிடம் போனால் வேறு ஆள். எண்ணெயில் என்ன போட்டுக் காய்ச்சியது, எத்தனை நாள் பத்தியம், போன முறை தந்தது ஏன் கேட்கவில்லை என்று துருவித் துருவிக் கேட்பா. பரியாரியாரும் திண்ணையில் இருந்து பொறுமையாய்ப் பதில் சொல்லுவார். கேள்வி கேட்கத் தெரியாத ஊர் அல்ல கரவெட்டி. பேராசிரியர் கா. சிவத்தம்பி பிறந்த ஊர். கோயில் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கூட்டத்தில் எழும்பிக் கேட்பார்கள். அரசாங்கக் கட்டடத்துக்குள், ஆங்கிலம் எழுதுகிற மனிதருக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் அந்த வாய் அடைத்துப்போனது. அந்த 25 சதம் போக மற்றதெல்லாம் இலவசமாய்த் தருகிறார்கள், நன்றியோடு வாங்கிக்கொண்டு போகவேணும் என்ற எண்ணம். அந்த இலவசம் எங்கள் வரிப்பணம் என்று எவரும் ஆச்சிக்குச் சொல்லவில்லை.

பிறகு போர். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்தது. நோயாளர், டொக்டர்மார், தாதிமார், ஊழியர் என்று ஏறத்தாழ 70 பேர் இரண்டு நாளில் கொல்லப்பட்டார்கள். குழந்தை மருத்துவ நிபுணர் சிவபாதசுந்தரம் கைகளை உயர்த்திக்கொண்டு வந்தபோது சுடப்பட்டார். காயப்பட்டவரையும் நோயாளியையும் காக்கச் சொல்லும் ஜெனீவா ஒப்பந்தங்கள் 1949இலேயே எழுதப்பட்டவை. இலங்கையில் அதற்கான சட்டம் 2006இல்தான் வந்தது. பெரியாசுப்பத்திரிக் கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. நோயாளர் உரிமை என்று எவர் பேசினாலும் எனக்கு முதலில் நினைவு வருவது இதுதான். கட்டிலில் படுத்திருப்பவர் உயிரோடு இருப்பதற்கான உரிமை எல்லாவற்றுக்கும் முந்தியது.

1990இல் பொருளாதாரத் தடை தொடங்கியது. மின்சாரம் இல்லை. மருந்து அனுமதி பெற்றுத்தான் வரவேணும். போர்க்காலத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வெளிநாட்டு டொக்டர்மாரும் மந்திகையில் வேலைசெய்தார்கள். என் மைத்துனருக்குக் குடல்வளர்வு. வெட்டுவதற்கு முன்னர் அந்த வெளிநாட்டு டொக்டர்மாரில் ஒருவர் ஒரு தாளில் வயிற்றைக் கீறி, எங்கே வெட்டுவார், எதை எடுப்பார், என்ன பிழைக்கலாம் என்று விளக்கினார். பக்கத்தில் நின்ற தாதி அதைத் தமிழில் சொன்னா. கடைசியில் "உங்களுக்குச் சம்மதமோ?" என்றும் கேட்டார். மைத்துனர் திகைத்துப்போனார். ஒரு டொக்டர் தன்னிடம் சம்மதம் கேட்பார் என்று அவர் நினைத்ததே இல்லை. மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடான அந்த நாளில், மொழி தெரியாத ஒருவரிடமிருந்து அந்த மரியாதை கிடைத்தது.

இப்போது எங்கள் பக்கம் ஸ்கான் இருக்கிறது, நெல்லியடியில் நின்றால் தனியார் மருத்துவமனை விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன, டொக்டரும் தமிழர், தாதியும் தமிழர். என் சின்னக்காவுக்கு ஓர் அரச ஆசுப்பத்திரியில் பித்தப்பை எடுத்தார்கள். எந்த ஆசுப்பத்திரி என்பது இங்கே வேண்டாம். வெட்டுக்கு முதல் இரவு ஓர் ஆங்கிலப் படிவம் வந்தது. "இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ அம்மா" என்றார்கள், வைத்தா. சில நாளில் காய்ச்சல், மறுபடி தியேட்டர். ஏன் என்று கேட்டால் "கொம்ப்ளிகேஷன்" என்ற ஒரு சொல். வீட்டுக்கு வரும்போது தந்த டயக்னோசிஸ் காட்டில் பாதிக்குமேல் ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள்.

ரொறன்ரோவிலிருந்து அவவின் மகன் "வழக்குப் போடுங்கோ" என்று கோல் எடுக்கிறான். அக்காவோ "கையெழுத்து வைச்சிட்டன் தம்பி, இனி என்னத்தைக் கேக்கிறது? கேட்டால் கோவிப்பினம். நாளைக்கும் அங்கைதானே போகவேணும்" என்கிறா. இந்த அச்சம் எனக்கு விளங்குகிறது. போகிற இடம் ஒன்றுதான் இருக்கிற ஊரில், அந்த இடத்தைப் பகைக்க எவருக்கு மனம் வரும்? ஆனாலும் அதை ஏற்க எனக்கு முடியவில்லை.

நான் படித்துத் தெரிந்துகொண்டதை அக்காவுக்குச் சொன்னேன். வெட்டுவதற்குச் சம்மதித்தால், கவனக்குறைவுக்கும் சம்மதித்ததாக ஆகாது. கையெழுத்து வழக்கைத் தடுக்காது. காலம் தடுக்கும். 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச்சட்டத்தின்படி, தீங்குக்கு இழப்பீடு கேட்கும் வழக்கை இரண்டு வருடத்துக்குள் போடவேணும். அரச அலுவலரால் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் நாட்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலேயே அலுவலகம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் அந்தியேட்டி முடியட்டும், ஆட்டத்திவசம் முடியட்டும் என்று இருந்து, கோபம் சொல்லாக வருவதற்குள் காலத்தை இழந்துவிடுகின்றன. துக்கத்தின் கணக்கும் சட்டத்தின் கணக்கும் வேறு வேறு.

வழக்கு சுலபம் என்று நான் அவவுக்குச் சொல்லவில்லை. சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கு இலங்கையில் மருத்துவக் கவனக்குறைவு பற்றிப் பேசும் எவரும் சொல்லும் வழக்கு. நாலு வயதுப் பிள்ளைக்கு மூளைத்தண்டில் கட்டி. அது வேறு நோயாகக் கருதப்பட்டு மருந்து கொடுக்கப்பட்டது. பிள்ளை 1992இல் இறந்தது. மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2001இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. கவனக்குறைவு இருந்தாலும், அதனால்தான் மரணம் வந்தது என்று நிறுவப்படவில்லை என்பது காரணம். தீராத நோயாக இருந்தாலும், சரியாகச் சொல்லியிருந்தால் பெற்றவர்கள் அந்தக் கடைசி நாட்களை வேறுவிதமாகக் கழித்திருப்பார்கள். அந்த இழப்புக்குச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்பு இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

இதற்கு நேர்மாறாக 2003இல் ஒரு தீர்ப்பு வந்தது. வத்தளைப் பொலிசார் ஆள்மாறிப் பிடித்து வதைத்ததில் ஒருவர் நினைவிழந்து, தனியார் மருத்துவமனையில் பிழைத்தார். இலவச அரச ஆசுப்பத்திரி இருக்க அங்கே ஏன் போனார் என்று அந்தச் செலவை மறுக்கமுடியாது, உயிர் காக்க எங்கே போவது என்று தெரிவுசெய்யும் உரிமை அவருக்கு உண்டு என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதினார். அரசு அந்த மருத்துவச் செலவைக் கொடுக்கவேண்டி வந்தது. நோயாளர் உரிமைகள் இப்படித்தான் இந்த நாட்டில் கிடக்கின்றன. ஒன்று ஒரு தீர்ப்பில், ஒன்று ஒரு பழைய கட்டளைச்சட்டத்தில், ஒன்று அரசியலமைப்பில். தேடிப் பொறுக்குவது நோயாளியின் வேலையாகிவிட்டது. அது அநியாயம்.

அக்காவுக்கு வழக்கைவிட முதலில் வேண்டியது விடை. தியேட்டரில் என்ன நடந்தது? அது வாட்டில் பி.எச்.ரி. என்று சொல்லும் நோயாளர் கோவையில் எழுதியிருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி அரச ஆசுப்பத்திரியிடம் அதைக் கேட்கலாம். பிறரின் மருத்துவ விபரத்தைத் தரமாட்டார்கள், அது சரிதான். தன்னுடையதை அவரவர் எழுத்தில் சம்மதம் கொடுத்துக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதமுடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேணும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்குமேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டொக்டரைக் குற்றஞ்சொல்லி எழுதவேண்டாம். என்ன நடந்ததெண்டு தெரியவேணும் எண்டு மட்டும் எழுது" என்றா. அவ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் வெட்டு எப்போது, காய்ச்சல் எப்போது தொடங்கியது, இரண்டாம் வெட்டில் என்ன கண்டார்கள், என்ன மருந்து ஏற்றினார்கள் என்று அவவே வரிசையாகச் சொன்னா. பரியாரியார் திண்ணையில் ஆச்சி கேட்ட கேள்விகளைப் போலவே அவை நேரானவை. கடிதம் தமிழில். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி ஆனது என்பதால், பதிலும் தமிழிலேயே வரவேணும் என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறோம். பதிவுத்தபாலில் அனுப்பிய துண்டை அக்கா கிளினிக் கொப்பியோடு சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறா.