ஜாக்சன் துரைக்கு ஒரு மேடை

இங்கிலாந்தின் நாடகக்காரர் டிம் கிரவுச்சுக்கு ஒரு வேடிக்கையான பழக்கம்: ஷேக்ஸ்பியர் ஓரமாக நிறுத்திவைத்த ஆட்களுக்குத் தனிமேடை போட்டுக்கொடுப்பது. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் பெயர்க் குழப்பத்தால் கும்பலிடம் சிக்கிச் சாகும் கவிஞன் சின்னாவுக்கு 2012இல் ஒரு முழு நாடகமே கிடைத்தது. பார்க்க வந்த பிள்ளைகள் கையில் தாளும் பேனாவும். நடுவில் அவர்களும் கவிதை எழுத வேண்டும்.

மலேசியாவின் கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கத்துத் தோட்டங்களில் தனி நடிப்பு என்றால், வெள்ளையரை எதிர்த்த பாளையக்காரர் கட்டபொம்மன்தான். 1959இல் சினிமாவில் சிவாஜி கர்ஜித்தது போதாதென்று, திருவிழா மேடையிலும் தமிழ்ப்பள்ளி விழாவிலும் அட்டைக் கிரீடமும் மையால் வரைந்த மீசையுமாக ஒரு பையன் மைக்கைக் கடித்துவிடுவதுபோல் முழங்குவான். எதிரே காலி இடம். அங்கேதான் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் ஜாக்சன் துரை நிற்கிறார், பதில் பேச வழியில்லாமல்.

நியாயமாகப் பார்த்தால் சின்னாவைப்போல் ஜாக்சனுக்கும் ஒரு தனிமேடை போடலாம்; அவர் கதையும் சோகம்தான். 1798இல் ராமநாதபுரத்தில் கட்டபொம்மனுடன் நடந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. கம்பெனி விசாரணை வைத்து அவரைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டது.

ஆனால் தோட்டத்தில் துரை என்றால் மேனேஜர். 1941இல் சிலாங்கூர்த் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று: துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கச் சொல்லக் கூடாது. அப்படிப்பட்ட ஊரில் ஜாக்சனுக்காக உருகி நடிக்கப்போகிறவர், மேடைக்குப் பின்வாசல் இருக்கிறதா என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.