கிளினிக்கலி கோரிலேட் சன்னிதானத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: நிர்வாகம், நகரின் பெருமைமிகு ரத்தப் பரிசோதனை மற்றும் ஸ்கேன் மையம்.

பொருள்: நோயாளிகளின் பல கேள்விகளும் மையம் அருளும் ஒரே பதிலும்.

பெருமதிப்பிற்குரியீர்,

கால் வீக்கத்துக்கான பரிசோதனை கவுன்டரில் தொடங்குகிறது. சென்ற வாரம் தங்கள் கவுன்டரில் 64 வயதுக்காரர் ஒருவர், டி-டைமர் அறிக்கையில் தடித்த எழுத்தில் இருந்த எண்ணைக் காட்டி விளக்கம் கேட்டார். வரிசையே கேட்கும்படி கிடைத்த பதில்: "கூடப் படிச்சவங்க யாராச்சும் வந்திருக்காங்களா?" படித்தவர் வந்திருந்தால், அறிக்கையின் அடியில் உள்ள "கிளினிக்கலி கோரிலேட்" (நோயாளியின் அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்) என்ற அருள்வாக்கைக் கண்டு தெளிந்திருப்பார்.

நோயாளிகளின் முதல் கேள்வி வெறும் வயிறு பற்றியது. டி-டைமருக்கோ, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சிக்கோ, காலின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்கோ பட்டினி தேவையில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குக்கூட வெறும் தண்ணீர் குடிக்கத் தடையில்லை. ஆயினும் மையம் எல்லோரையும் வேற்றுமை பாராட்டாமல் பட்டினி போடுகிறது. மயங்கி விழுபவர் கிளினிக்கலி கோரிலேட் செய்துகொள்ளலாம்.

அடுத்தது, வரம்பு மீறிய எண்ணுக்கான தடித்த எழுத்து. இயல்பு வரம்பு பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரை வைத்தே வகுக்கப்படுகிறது. மீதி 5 சதவீதம் பேர் நோயின்றியே வரம்புக்கு வெளியே நிற்பார்கள். இருபது பரிசோதனை கொண்ட 'முழு உடல் பேக்கேஜ்' வாங்குபவருக்கு ஒரு தடித்த எழுத்தாவது இலவச இணைப்பாகக் கிடைப்பது இப்படித்தான்.

டி-டைமர் என்பது ரத்தக்கட்டு கரையும்போது மிஞ்சும் துணுக்கு. அறுவை சிகிச்சை, கர்ப்பம், தொற்று, முதுமை ஆகியவற்றிலும் அது கூடும். கட்டு இருக்கும் சாத்தியம் குறைவானவருக்கு அளவும் குறைவாக இருந்தால் கட்டு இல்லை எனலாம். கூடுதலாக இருப்பதால் மட்டும் கட்டு உண்டு என்றாகாது, அதை டாப்ளர்தான் காட்டும். வழக்கமான வரம்பு 500 (ng/mL FEU அலகில்). ஐம்பதைக் கடந்தவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளும் முறையில், 64 வயதுக்கு அது 640. இந்தப் பெருக்கல் கணக்குக்குப் பட்டதாரித் துணை வேண்டியதில்லை.

ஒற்றைக் கால் வீங்கியவருக்குத் திடீரென மூச்சு வாங்கினால், கட்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். இந்த ஒரு வரியை அச்சடிக்க என்ன செலவாகும்? அதைச் சொல்லாமல் சனிக்கிழமை மாலை அறிக்கையைக் கொடுத்து, "திங்கட்கிழமை டாக்டரைப் பாருங்க" என்று அனுப்புவது அலட்சியம். ஆள் செத்தே போகலாம். மற்றபடி, மையத்தின் ஏ.சி. குளுமை பாராட்டத்தக்கது.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்களின் கேள்வி: முருங்கைக்கீரை கூடாதா? கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும். ஆனாலும் கீரையை ஒழிக்க வேண்டியதில்லை; அளவு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்காமல் இருந்தால் போதும். கால் ரத்தக்கட்டுக்கு, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். தங்கள் அறிக்கையோ 0.9 முதல் 1.1 வரை இயல்பு என்று அச்சிட்டு, சரியான அளவில் மருந்து எடுப்பவரைத் தடித்த எழுத்தில் கண்டிக்கிறது. அதைக் கண்டு அவர் மாத்திரையை நிறுத்தினால், அதுவும் கோரிலேட் கணக்கில் சேரும்.

கடைசிக் கேள்வி சுருள் சிரைக்காரர்களுடையது: லேசரில் குழாயை மூடினால் ரத்தம் எப்படித் திரும்பும்? காலின் ரத்தத்தில் பெரும்பகுதியை ஆழத்தில் உள்ள சிரைகளே இதயத்துக்குக் கொண்டுபோகின்றன. மேலே பழுதான ஒன்றை மூடினால் வேலை நிற்காது. ஆழ்சிரைகள் சீராக உள்ளனவா என்று முன்கூட்டியே பார்க்கத்தான் டாப்ளர்.

இவற்றைத் தமிழில் ஒரே தாளில் அடித்துக் கவுன்டரில் வைக்குமாறு கோரப்படுகிறது. மறுப்பதாயின், கிளினிக்கலி கோரிலேட் செய்த பிறகே கட்டணம் செலுத்தும் உரிமையையாவது நோயாளிகளுக்கு வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
படித்த துணையின்றி வரும் நோயாளிகள்