நாடி பார்த்து அனுப்புங்கள்

2008இல் மலேசியாவின் திரங்கானுவில் நெடுந்தூரக் குதிரை ஓட்டத்தின் உலகப் போட்டி நடந்தது. 160 கிலோமீட்டர், நம்மூர்ப் புழுக்கத்தில். வழிநெடுக நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் கால்நடை மருத்துவர். குறித்த நிமிடங்களுக்குள் நாடி 64க்கு இறங்காத குதிரை வெளியே. சேணத்தில் எந்தக் கோமகன் இருந்தாலும் சரி. தேறிய குதிரைக்கும் கட்டாய ஓய்வு. ஈறை அழுத்தி ரத்தம் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள், வயிற்றில் கருவி வைத்துக் குடல் ஓசை கேட்பார்கள். பினாங்கு ஜெலுத்தோங்கில் மாலை நாலு மணிவரை பட்டினியாக அடுத்தவன் சோற்றைச் சுமக்கும் டெலிவரி ரைடரின் குடல் ஓசைக்குக் கருவியே வேண்டாம்.

ரத்தம் பொய் சொல்லாது. தசை நைந்தால் சி.கே. என்னும் நொதி ரத்தத்தில் கசியும். ஓட்டம் முடிந்து சில மணி நேரத்தில் உச்சம் தொடும். ஏ.எஸ்.டி. என்னும் இன்னொரு நொதி மறுநாளும் சாட்சி சொல்லும். குதிரையின் வியர்வையில் நீரோடு உப்பும் ஏராளமாகப் போய்விடுவதால், உடல் வற்றியும் அதற்குத் தாகம் எடுக்காமல் போகலாம். ஆகவே அது கேட்குமுன் வாளி வருகிறது. கேட்குமுன்!

மனிதத் தசையிலும் அதே சி.கே.தான். ஜாலான் ஜெலுத்தோங்கிலிருந்து கர்பால் சிங் டிரைவுக்கும், அங்கிருந்து பாலம் தாண்டியும் நாளெல்லாம் மோட்டாரில் அலைபவனின் ரத்தத்தை எந்த மகராசன் பார்த்தான்? செயலி பார்ப்பது தாமதத்தையும் நட்சத்திரத்தையும். நாடி எகிறினாலும் அடுத்த ஆர்டர் வந்து விழும்.

2025இல் இவனைப் போன்றவர்களுக்காகக் கிக் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. நடுவர் மன்றம் உண்டு, சொக்சோ காப்பீடு உண்டு, சந்தோஷம். நாடி பார்க்கும் வாசல் எங்கே ஐயா?

துபாய் ஆட்சியாளர் ஷேக் முகமதுவின் குதிரைக்குள் ஊக்கமருந்து அகப்பட்டதால், 2009இல் அவருக்கே ஆறு மாதத் தடை. இரவு வேலைக்குக் கண் மூடாதிருக்க நம் பையன் எனர்ஜி டிரிங்க்கை டின் டின்னாக உள்ளே தள்ளுகிறானே, அதற்காக எந்த முதலாளி ஆறு நிமிடத் தடை வாங்கினார்?

2015இல் எமிரேட்ஸ் போட்டியொன்றில் ஒரு குதிரைக்கு முன்னங்கால் இரண்டும் ஒடிந்தன. படம் உலகைச் சுற்றியது. குதிரை வதை பற்றிய புகார்கள் குவிய, அந்த மார்ச்சில் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அந்நாட்டுச் சங்கத்தையே இடைநீக்கம் செய்தது. இங்கே ரைடரின் கால் ஒடிந்தாலும் இடைநீக்கம் நடக்கத்தான் செய்கிறது. ஆர்டர் எடுக்காத அவனுடைய கணக்குக்கு.